உழைச்செல்வானும் ஏமச்சுற்றமும்: பெருந்தொற்றுக் கால மருத்துவமனைத் தடைகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

நோயுற்றவரின் அருகிருந்து காத்தல் தமிழ் இலக்கியத்தில் தொன்றுதொட்டு இடம்பெற்று வரும் பொருளாகும். எனினும் காதல், வீரம், கொடை ஆகியவற்றிற்குக் கிடைத்த ஆய்வுக் கவனம் இப்பொருளுக்குக் கிடைக்கவில்லை. தொல்காப்பியர் இதனைக் காஞ்சித்திணையின் துறைகளுள் வைத்தார். வள்ளுவர் மருந்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக வைத்தார். ஆயினும் உரைமரபும் பின்வந்த திறனாய்வும் இவ்விரண்டனையும் இணைத்து நோக்கியது அரிதே.

2020ஆம் ஆண்டின் கோவிட்-19 பெருந்தொற்று இவ்விடங்களை மீண்டும் படிக்க வேண்டிய தேவையை உண்டாக்கியது. மருத்துவமனைக்குள் உறவினர் நுழைதல் தடுக்கப்பட்டது. நோயாளி உள்ளேயும் குடும்பம் வெளியேயும் நின்றன. இத்தடையால் குடும்பங்கள் எய்திய துயரை விளக்கவும் மதிப்பிடவும் தமிழ் இலக்கியக் கோட்பாடுகள் எவ்வளவு துணைசெய்யும் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. தமிழர் மிகுதியாக வாழும் மும்பை மாநகரின் தாராவியும், அதனை அடுத்த சயான் மருத்துவமனையும் ஆய்வுக் களமாகக் கொள்ளப்படுகின்றன. தொல்காப்பியப் புறத்திணையியல், புறநானூற்றின் 281ஆம் பாடல், திருக்குறளின் மருந்து அதிகாரம், புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' சிறுகதை ஆகியன முதன்மைத் தரவுகளாகும்.

சயான்: களமும் நிகழ்வும்

சயான் மருத்துவமனை என மக்கள் வழங்கும் லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனை 1947இல் தோன்றியது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளின் ஏழை எளிய மக்கள் முதலில் நாடிச் செல்வது இதனையே ஆகும். ஏறத்தாழ இரண்டரைச் சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் பல லட்சம் மக்கள் நெருங்கி வாழும் தாராவியில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடிச் சென்று குடியேறியோரின் வழித்தோன்றல்கள் பெருந்தொகையினர். அவர்தம் குடும்பங்களில் பிறப்பும் இறப்பும் பெரிதும் இம்மருத்துவமனையிலேயே நிகழ்ந்து வந்துள்ளன.

2020 மார்ச்சு 25இல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. ஏப்ரல் 1இல் தாராவியின் முதல் தொற்று அறியப்பட்டது. அந்நோயாளி அன்றே சயான் மருத்துவமனையில் உயிர்நீத்தார். தொற்றாளரோடு பழகிய குடும்பத்தினர் பள்ளிகளிலும் விளையாட்டு வளாகத்திலும் அமைக்கப்பட்ட தனிமைப்படுத்தும் இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். புறநகர் மின்தொடர்வண்டிகள் மார்ச்சு மாதத்திலேயே பொதுமக்களுக்கு நிறுத்தப்பட்டிருந்தன. அவை 2021 பிப்ரவரி 1இல்தான், அதுவும் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும், மீண்டும் திறந்துவிடப்பட்டன. ஆகவே மருத்துவமனை வாயிலில் இடப்பட்ட தடை தனித்த ஒன்றன்று. வீடு, தெரு, வண்டி என அடுக்கடுக்காய் அமைந்த தடைகளின் இறுதிக் கதவாகவே அது விளங்கியது.

2020 மே மாதத் தொடக்கத்தில் இம்மருத்துவமனையின் நோயாளர் கூடத்தில் எடுக்கப்பட்ட ஒரு காணொளி பரவியது. கரிய நெகிழிப் பைகளில் பொதிந்த உடல்கள் கட்டில்களில் கிடக்க, அவற்றின் அருகிலேயே உயிருள்ள நோயாளிகள் படுத்திருந்த காட்சி அதில் பதிவாகியிருந்தது. விசாரணைக்கு ஆணையிடப்பட்டது, மருத்துவமனையின் முதல்வர் பொறுப்பிலும் மாற்றம் செய்யப்பட்டது. உறவினர் உடல்களைப் பெற்றுச்செல்லத் தயங்குகின்றனர் என்பது அப்போது தரப்பட்ட விளக்கங்களுள் ஒன்று. இவ்விளக்கம் பின்னர் விரிவாக ஆராயப்பெறும்.

மருந்தின் நான்காம் கூறு

திருக்குறளின் மருந்து அதிகாரம் உணவின் அளவைப் பற்றித் தொடங்கி, நோயின் காரணத்தை ஆராய்தலைக் கூறி, 950ஆம் குறளில் முடிகிறது. அம்முடிவுக் குறள் மருந்தை நான்காகப் பகுக்கிறது. நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அந்நான்காம். 'உழை' என்பது பக்கம், அருகு எனப் பொருள்படும் சொல். எனவே உழைச்செல்வான் என்பதற்கு அருகிருந்து ஒழுகுபவன் என்பது சொல்வழிப் பொருளாகும்.

பரிமேலழகர் இக்கூற்றை மருந்தினைப் பிழையாது இயற்றுபவன் எனக் கொண்டார். ஒவ்வொரு கூற்றுக்கும் நந்நான்கு இயல்புகளை வகுக்குமிடத்து, நோயாளியிடம் அன்புடைமையை இவனுக்குரிய நான்கனுள் ஒன்றாக வைத்தார். தூய்மை, சொல்லியவாறு செய்யும் வன்மை, அறிவு ஆகியன ஏனையவை. சரக சங்கிதையும் மருத்துவத்தை நான்கு பாதங்களாகப் பகுத்து, அருகிருந்து பணிசெய்பவனுக்கு அன்பினை ஓர் இலக்கணமாகக் கூறுகிறது. இருமரபிலும் அன்பு என்பது மருத்துவத்திற்குப் புறம்பான உணர்ச்சியாகக் கருதப்படவில்லை. சிகிச்சையின் உறுப்பாகவே எண்ணப்பட்டுள்ளது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இக்காலத்தார் உழைச்செல்வானைச் செவிலியர் எனக் கொள்வது வழக்கம். அது பொருந்தாதது அன்று. எனினும் இந்தியப் பொது மருத்துவமனைகளின் நடைமுறையை நோக்கின், அப்பொருள் முழுமை பெறாமை புலனாகும். நோயாளியின் அருகே குடும்பத்தினர் ஒருவர் இருத்தல் அங்கு எழுதப்படாத விதியாகும். உணவு ஊட்டுதல், கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுதல், வெளியே சென்று மருந்து வாங்கி வருதல், பரிசோதனை அறிக்கையைப் பெற்றுவருதல், இரவில் மூச்சின் மாற்றத்தைக் கண்டு செவிலியரை அழைத்தல் ஆகிய அனைத்தும் அவர் பணியே. சயானைப் போன்ற இடத்தில் மேலும் ஒரு பணி உண்டு. தமிழன்றிப் பிறமொழி அறியாத முதியவருக்கும், மராத்தியும் இந்தியும் வழங்கும் மருத்துவக் கூடத்துக்கும் இடையே மொழியைக் கடத்துபவரும் அவரே. வலி எங்கே, எத்தகையது என்பதை மருத்துவருக்குச் சொல்லும் நா, நோயாளியின் வாயில் இல்லை. அருகிருக்கும் மகளிடமோ பெயரனிடமோ உள்ளது. அவரை வாயிலில் நிறுத்திய தடை, நோயாளியின் ஆறுதலோடு அவரது பேச்சையும் அகற்றிவிட்டது.

இதனால் உழைச்செல்வான் என்னும் சொல் ஒரு தொழிலைக் குறிப்பதினும் ஓர் இடத்தைக் குறிப்பதாகக் கொள்ளுதல் சாலும். அவ்விடத்தில் செவிலியரும் நிற்கலாம், உறவினரும் நிற்கலாம். அன்பும் தூய்மையும் வன்மையும் அறிவும் இருவருக்கும் பொதுவாம். அவ்விடம் வெறுமையாதலே குறை.

949ஆம் குறளின் எதிர்நிலை

மேற்கூறிய குறளுக்கு முன் நிற்கும் 949ஆம் குறள் வேறொரு கட்டளையை இடுகிறது. கற்ற மருத்துவன் நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றனையும் எண்ணிச் செயற்பட வேண்டும் என்பது அதன் கருத்து. பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவர் செய்ததும் இதுவே. மூச்சின் வழிப் பரவும் நோய். தடுப்பூசி இல்லாத காலம். போதிய பாதுகாப்பு உடைகள் இல்லாத கூடம். அருகிருக்க வருபவர் நோயை வீட்டிற்குக் கொண்டுசெல்வார். பத்தடிக்குப் பத்தடி அறையில் எண்மர் உறங்கும் தாராவியில் அதன் விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது. எனவே தடை அறியாமையால் எழுந்தது என்றோ, கொடுமையால் எழுந்தது என்றோ கூறுதல் பொருந்தாது.

ஒரே அதிகாரத்தில் அடுத்தடுத்து நிற்கும் இவ்விரு குறள்களும் 2020இல் ஒன்றையொன்று எதிர்த்து நின்றன. காலத்தைக் கருதுக என்பது ஒன்று. அருகிருப்பவனின்றி மருந்து நிறைவுறாது என்பது மற்றொன்று. முன்னதைக் காக்கப் பின்னதைக் கைவிட நேர்ந்தது. ஆயின் குறளின் வைப்புமுறை ஒன்றை உணர்த்துகிறது. நான்கு கூறுகளையும் தொகுத்துரைக்கும் குறள் அதிகாரத்தின் இறுதியில் நிற்கிறது. மருத்துவன் எண்ணிச் செய்யும் செயல் அந்நான்கனுள் ஒரு கூற்றின் செயலே. ஆகவே காலம் கருதி நான்காம் கூற்றை மாற்றலாம், குறைக்கலாம், வேறு வடிவில் அமைக்கலாம். நீக்கிவிட இடமில்லை என்பது இவ்வைப்பினால் பெறப்படும் கருத்தெனலாம்.

நடைமுறையும் மெல்ல இதனை நோக்கியே நகர்ந்தது. நோயாளிகள் கூடத்தில் கைப்பேசியும் கைக்கணினியும் வைத்துக்கொள்ள இசைவு தருமாறு நடுவணரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம் 2020 சூலை இறுதியில் மாநிலங்களை அறிவுறுத்தியது. உற்றாரோடு உரையாடுதல் நோயாளியின் மனத்தை அமைதிப்படுத்தும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். இங்கிலாந்திலும் அவ்வாண்டு ஏப்ரல் 15இல், இறக்கும் நிலையிலுள்ளோரிடம் நெருங்கிய உறவினர் இயன்றவரை விடைபெற வழிசெய்யப்படும் என அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் அறிவித்தார். முதலில் முற்றிலும் மூடிய கதவு சிறிது திறக்கப்பட்டமை, நான்காம் கூற்றின் இன்றியமையாமையைக் காலந்தாழ்த்தி ஒப்பியதற்குச் சான்றாகும்.

தொடாக் காஞ்சி: ஒரு தவறான வாசிப்பு

பெருந்தொற்றுக் காலத்தில் புறநானூற்றின் 281ஆம் பாடல் பலராலும் எடுத்தாளப்பட்டது. அரிசில்கிழார் பாடிய இப்பாடலில், போரில் புண்பட்டுக் கிடக்கும் வீரனின் மனையில் இரவமரத் தழையும் வேப்பந்தழையும் செருகப்படுகின்றன, யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கின்றன, வெண்சிறுகடுகு தூவப்படுகிறது, மணி அடிக்கப்படுகிறது, காஞ்சிப்பண் பாடப்படுகிறது, நறும்புகை எழுப்பப்படுகிறது. வேம்பும் புகையும் கிருமிநாசினிகள் என்றும், தனிமைப்படுத்துதலைச் சங்ககாலத் தமிழர் அன்றே அறிந்திருந்தனர் என்றும் இதனைக் கொண்டு பலர் பெருமிதம் கொண்டனர்.

இவ்வாசிப்பு பாடலுக்கும் பொருந்தாது, மருத்துவத்திற்கும் பொருந்தாது. பாடலில் வேம்பு வருவது பேயை அகற்றற்கு. இல்லத்தில் மனைவி பேயை நெருங்கவிடாது காத்தலையே தொல்காப்பியர் தொடாக் காஞ்சி என்கிறார். தொடக்கூடாதது பேய், உறவினர் அல்லர். அன்றியும் பாடல் தலைவியின் தனிக்குரலாக அமையவில்லை. தோழியை விளித்து, வருக, நாம் காப்போம் என அழைக்கும் குரலாகவே அமைந்துள்ளது. இசைப்போர், பாடுவோர், புகைப்போர் என ஒரு சிறு கூட்டமே புண்பட்டவனைச் சூழ்ந்து நிற்கிறது. அங்ஙனமாயின், தனிமைப்படுத்துதலுக்கு இப்பாடல் சான்றாகாது. அதன் மறுதலைக்கே சான்றாகும்.

பழம்பாடலைப் புதிய அறிவியலின் முன்னோட்டமாகக் காட்டும் ஆர்வம், அப்பாடல் உண்மையில் சொல்லும் செய்தியை மறைத்துவிடுகிறது. 281ஆம் பாடல் இன்றைய வாசகனுக்குத் தருவது மருந்துக் குறிப்பன்று. துன்புறும் உடலைச் சுற்றிப் பழகிய ஒலியும் பழகிய மணமும் பழகிய முகமும் இருத்தல் வேண்டும் என்னும் பண்பாட்டு உறுதியே அது. சயான் மருத்துவமனையின் கூடத்தில் கிடந்த தாராவித் தமிழர் இழந்தது அதனையே.

ஒரு வரையறையும் இங்குக் கூறுதல் வேண்டும். புறநானூற்றுக் காப்பு வேந்தனுக்காகப் போரிட்ட நெடுந்தகைக்கு உரியது. எளிய மக்களின் நோய்ப்படுக்கை புறத்திணையின் எல்லைக்குள் வரவில்லை. ஆகவே சங்ககாலத்தில் அனைவருக்கும் இக்காப்பு வாய்த்தது எனப் பொதுமைப்படுத்துதல் ஏற்புடையதன்று.

ஏமச்சுற்றம் இன்மை

தொல்காப்பியர் தொடாக் காஞ்சியோடு மற்றொரு துறையையும் வைத்தார். காக்கும் சுற்றம் இல்லாத புண்பட்டவனைப் பேயே ஓம்புதல் பேஎய்ப் பக்கம் எனப்படும். காக்கும் சுற்றத்தைக் குறிக்க அவர் ஆண்ட சொல் 'ஏமச்சுற்றம்' என்பது. ஏமம் காவலையும் இன்பத்தையும் ஒருங்கே குறிக்கும். ஐயனாரிதனாரும் புறப்பொருள் வெண்பாமாலையில் வீழ்ந்த வீரனைப் பிரியாது பேய் ஓம்புதலைப் பேய்நிலை என்னும் துறையாக வைக்கிறார்.

அச்சம் தரும் உருவே அருகிருந்து காக்கும் நிலைக்கு வருதல் இத்துறையின் சிறப்பு. ஏமச்சுற்றம் இல்லாதவனையும் தனித்துக் கிடக்கவிட இலக்கணம் உடன்படவில்லை. யாரேனும் ஒருவர், பேயாயினும், அருகிருத்தல் வேண்டும். 2020இல் முகம் தெரியாத பாதுகாப்பு உடையணிந்த செவிலியரும் கூடப் பணியாளரும் துப்புரவுப் பணியாளரும் நோயாளிகளுக்கு முதலில் அச்சத்தையே தந்திருத்தல் கூடும். ஆயினும் உறவினர் நின்றிருக்க வேண்டிய இடத்தில் நின்று உணவு ஊட்டியவரும், கைப்பேசியை ஏந்திப் பிடித்தவரும் அவர்களே. அகமரபின் வளர்ப்புத்தாயைக் குறித்த செவிலி என்னும் சொல்லே இன்று மருத்துவமனைப் பணியாளரைக் குறிக்க வழங்குதல், அப்பணியின் உறவுத்தன்மையைத் தமிழ் மறவாமையைக் காட்டும்.

இத்துறையின் துணைகொண்டே மே மாத விளக்கத்தையும் மதிப்பிடுதல் வேண்டும். உறவினர் உடல்களைப் பெற வரவில்லை என்பது ஓர் உண்மையைச் சொல்கிறது. அதன் காரணத்தைச் சொல்லவில்லை. ஏமச்சுற்றம் இல்லாமை ஒன்று. ஏமச்சுற்றம் தடுக்கப்படுதல் மற்றொன்று. மனைவியும் மக்களும் தனிமைப்படுத்தும் இடத்தில் இருக்க, வண்டி இல்லாதிருக்க, செய்தி உரிய காலத்தில் வந்துசேராதிருக்க, வராமையை விருப்பின்மையாகக் கொள்ளுதல் பிழையாம். அச்சத்தால் வாராதோரும் இருந்திருப்பர் என்பதை மறுக்கவியலாது. எனினும் தடுத்த கையே வராமையைக் குறை கூறுமாயின், குடும்பத்தின் துயரோடு பழியும் சேர்ந்துவிடுகிறது. நோயாளியைக் கைவிட்டவர் என்னும் பெயர், பிரிவைவிட நெடுங்காலம் ஒரு குடும்பத்தைத் துன்புறுத்த வல்லது.

செல்லம்மாளின் வெந்நீர்

தற்கால இலக்கியத்தில் ஏமச்சுற்றம் குறைந்த நகர வாழ்வின் நோய்ப்படுக்கையை மிகக் கூர்மையாகக் காட்டியது புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்'. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்னைக்குப் பிழைக்கச் சென்ற பிரமநாயகம் பிள்ளை ஜவுளிக்கடையில் சிறு ஊதியம் பெறுபவர். நோயாளி மனைவிக்குச் சமையலாளும் செவிலியும் துணையும் அவர் ஒருவரே. கதை அவளது இறப்பில் தொடங்குகிறது. அருகில் சுற்றத்தார் எவருமில்லை. வெந்நீர் வைத்து உடலைக் குளிப்பாட்டுபவரும் அவரே.

இக்கதையைத் திறனாய்வாளர் இல்லறக் காதலின் உச்சமாகவும், வறுமையின் சித்திரமாகவும், உணர்ச்சி கலவாத எடுத்துரைப்பின் வெற்றியாகவும் மதிப்பிட்டுள்ளனர். பெருந்தொற்றுக்குப் பின் படிக்கும்போது கதையின் மற்றொரு பொருள் புலனாகிறது. புலம்பெயர்வு ஏமச்சுற்றத்தை ஒருவராகக் குறைத்துவிட்டது. அவ்வொருவர் நான்காம் கூற்றின் பணி முழுவதையும் தனித்துச் செய்கிறார். நோய் நீங்கவில்லை, எனினும் அருகு வெறுமையாகவில்லை.

திருநெல்வேலியினின்று தாராவிக்குச் சென்றோரின் வாழ்வும் இத்தகையதே. ஊரில் பலராய் இருந்த சுற்றம் நகரில் ஒருவராகவோ இருவராகவோ சுருங்கியது. 2020இல் அந்த ஒருவரும் வாயிலில் நிறுத்தப்பட்டார். இறந்தபின் செய்வனவும் அவர் கையினின்று நீங்கின. நடுவணரசு 2020 மார்ச்சு 15இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பையின் முகப்பகுதியைப் பணியாளர் திறந்துகாட்ட உறவினர் ஒருமுறை காணலாம். நீர் தெளித்தல், மறை ஓதுதல் போன்று தொடாமல் செய்யும் சடங்குகளைச் செய்யலாம். குளிப்பாட்டுதலும் தழுவுதலும் கூடா. பிரமநாயகம் பிள்ளைக்கு வாய்த்த இறுதிப் பணியாகிய அந்த வெந்நீர் சயானில் எவருக்கும் வாய்க்கவில்லை. வறுமையின் எல்லையாகப் புதுமைப்பித்தன் காட்டிய காட்சி, பெருந்தொற்றுக் காலத்தார்க்கு எட்டாத பேறாகத் தோன்றுதல் காலத்தின் கொடிய முரணாகும்.

முன்னைய பிளேக்கும் மருத்துவமனையின் பெயரும்

இச்சிக்கல் மும்பைக்குப் புதியதன்று. 1896இல் பம்பாயில் பிளேக் தோன்றியபோது நோயாளிகளை வலிந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதலும், குடும்பத்தினரைப் பிரித்தலும் பெரும் எதிர்ப்பைத் தோற்றுவித்தன. அவ்வாண்டு அக்டோபர் 29இல் ஏறத்தாழ ஆயிரம் ஆலைத் தொழிலாளர் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். அதுவே பிற்காலத்தில் கஸ்தூர்பா மருத்துவமனை எனப் பெயர்பெற்று, 2020இல் மும்பையின் முதல் கோவிட் நோயாளிகளையும் ஏற்றது. 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. 2020இன் கட்டுப்பாடுகளுக்கும் அச்சட்டம் அடிப்படையாயிற்று.

பின்னர் பம்பாய் ஆட்சியினர் ஒரு வழியைக் கண்டனர். சமூகந்தோறும் தனித்தனி பிளேக் மருத்துவமனைகள் அமைக்க இசைந்தனர். அவற்றில் உறவினர் அருகிருத்தலும் எளிதாயிற்று. பூனாவில் இந்துக்களுக்கென அத்தகைய மருத்துவமனை அமைத்தவர் பாலகங்காதர திலகர். அவர் பெயரையே சயான் மருத்துவமனை தாங்கியுள்ளது. நோயாளியை அவர்தம் மக்களிடமிருந்து பிரித்தல் பற்றி எழுந்த பழைய வழக்கின் ஒரு தரப்பாளர் பெயர் பொறித்த வாயிலில், அதே வழக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் மீண்டும் எழுந்தது. எனினும் அன்றைய தீர்வை அவ்வாறே போற்றுதல் இயலாது. சாதியும் சமயமும் பற்றிப் பிரிந்த மருத்துவமனை, அமைப்பும் பொருளும் உடையோர்க்கே ஏமச்சுற்றத்தை அளித்தது. தாராவிக்குக் குடியேறியோருள் பெரும்பாலோர் அத்தகைய வலிமை அற்றோரே. அனைவரும் ஒரே கூடத்தில் படுக்கும் மாநகராட்சி மருத்துவமனையின் பொதுமையைக் காத்துக்கொண்டே நான்காம் கூற்றுக்கு இடந்தருதல்தான் இன்றைய சிக்கலாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் அறியலாகும் கருத்துகள் வருமாறு. உழைச்செல்வான் என்னும் குறட்சொல் அருகிருத்தலாகிய இடத்தைக் குறிப்பது. அதனைச் செவிலியர் என்று மட்டும் சுருக்குதல் பொருளைக் குறைக்கும். தொடாக் காஞ்சித் துறைப் பாடல்களைக் கிருமிநீக்கத்தின் சான்றாகக் காட்டுதல் தவறு. அவை கூடியிருந்து காத்தலின் சான்றுகளாகும். ஏமச்சுற்றம், பேஎய்ப் பக்கம் என்னும் தொல்காப்பிய வழக்குகள் சுற்றம் இன்மையையும் சுற்றம் தடுக்கப்படுதலையும் வேறுபடுத்தி நோக்கத் துணைசெய்கின்றன. 'செல்லம்மாள்' புலம்பெயர்ந்தோரின் குறைந்த ஏமச்சுற்றத்தைக் காட்டும் கதையாகவும் வாசிக்கத்தக்கது.

949ஆம் குறள் வலியுறுத்தும் காலம் இனியும் மாறும். தொற்றுகள் மீண்டும் வரக்கூடும். தடை வேண்டப்படும் காலத்தும் அருகிருக்கும் ஒருவருக்கு உரிய பாதுகாப்பு உடை, நாள்தோறும் நோயாளியின் மொழியில் செய்தி சொல்ல ஒருவர், இறுதி நேரத்தில் ஒரு முகம் என்பன அமைக்கப்படுமாயின் நான்காம் கூறு முற்றும் அழியாது. பெருந்தொற்றுக் காலத்தில் மும்பைத் தமிழர் எழுதிய கவிதைகளும் கதைகளும் நாட்குறிப்புகளும், தாராவிப் பெண்கள் பாடிய ஒப்பாரிகளும் இன்னும் முறையாகத் தொகுக்கப்பெறவில்லையாயின், அவற்றைத் தொகுத்து இக்கோட்பாடுகளின் ஒளியில் ஆராய்தல் தமிழ்த்துறைகளின் கடமையாகும். வாயிலில் நின்றோரின் சொற்கள் அவர்தம் நினைவோடு மறையுமுன் அப்பணி தொடங்கப்பெறுதல் நன்று.